காகிதத்தில் எழுதாமல் விட்ட இரண்டு சுழி

இதை எழுத உட்காருவதும், நாலு வரி எழுதியதும் நோட்டை மூடி சாமி மாடத்துக்குக் கீழே வைத்துவிடுவதுமாக எத்தனையோ வருஷங்களைக் கழித்துவிட்டேன். எழுத வராது என்பதல்ல. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும் கோயில் பாட்டுப் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழை விடாமல் பிடித்துக்கொண்டவன் நான். என்னைத் தடுத்தது என் அக்கா. அக்கா உயிரோடு இருக்கிற வரைக்கும் இது வெளியே வரக்கூடாது என்று வைத்திருந்தேன். போன தைப்பூசத்துக்குச் சில நாள் முன்னால் அக்கா போய்விட்டார். இனிமேல் சாக்குச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

கண்ணை மூடினால் முதலில் வருவது ஒரு குதிரையின் காகிதம். தடித்த தாள், நாலாக மடித்தது. அதில் ஒரு குதிரையின் உருவத்தை வெறும் கோடாக அச்சடித்திருப்பார்கள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. உண்மையான குதிரையின் உடம்பில் எங்கே வெள்ளை இருக்கிறதோ, எங்கே மயிர் சுழித்திருக்கிறதோ, அதையெல்லாம் மருத்துவர் சிவப்பு மையால் அந்தக் கோட்டுக் குதிரையின் மேல் குறித்திருப்பார். கீழே அதன் பெயர், பிறந்த ஊர், தகப்பன், தாய், அவற்றின் தகப்பன் தாய் என்று நாலு தலைமுறை. இந்தக் காகிதம் இருந்தால்தான் குதிரை பந்தயத்தில் ஓடலாம், நல்ல கைக்கு விற்கலாம். இல்லாவிட்டால் அது எவ்வளவு உயர்ந்த சாதிக் குதிரையாக இருந்தாலும் வண்டி இழுக்கிற மிருகம்தான்.

மலாயாவில், ஈப்போவுக்கு வடக்கே, செமோருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் வெள்ளைக்காரத் துரையின் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த செம்மண் நிறப் பெட்டைக் குதிரை ஒன்று. நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும். காகிதத்தில் அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர். எங்களுக்கு அது வாயில் நுழையாது. பொட்டு என்றே கூப்பிடுவோம், அதுவும் காதைத் திருப்பும். வேறொரு முரட்டுக் குதிரை உதைத்து என் வலது முட்டி போனபிறகு, ஓட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் என் தம்பிதான். அவனுக்கு அப்போது இருபத்தொரு வயது. எங்கள் அப்பா அம்மா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டதால் அக்காவும் நானும்தான் அவனை ஆளாக்கினோம். எதையும் விளையாட்டாகப் பேசுவான். ஒருநாள் மச்சான் அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டியபோது பொட்டுவின் கழுத்தைத் தட்டி, "அடியே, ஒனக்குப் பாட்டன் பூட்டன் பேரெல்லாம் அச்சடிச்சு வச்சிருக்கான். எனக்கு எங்க தாத்தன் பேரே தெரியாது. நீ என்னைக் குளிப்பாட்டுறதுதான் நியாயம்லா," என்றான். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பல நாள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

மச்சான் என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது கணக்கும் கடிதமும் எழுதுகிறவர். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். என் கல்யாணத்தை முன்நின்று நடத்தியவர். எனக்கு வந்த எந்தக் காகிதமும் அவர் கையில் போய்த்தான் எனக்கு அர்த்தமாகும். அவரை நான் சந்தேகப்பட்டதே இல்லை. சந்தேகப்படலாம் என்ற எண்ணமே எனக்குத் தோன்றியதில்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

பொட்டுவிடம் ஒரு குறை இருந்தது. குறை என்று வெள்ளைக்காரன் சொல்லமாட்டான், நாங்கள் சொல்லுவோம். முதுகில், சேணம் உட்காரும் இடத்தில், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு சுழி. ஊரில் மாடு குதிரை வாங்குகிறவர்கள் இதைப் பாடைச் சுழி என்பார்கள். இந்தச் சுழி உள்ளதை வாங்கினால் வாங்கியவன் வீட்டில் பாடை கட்டவேண்டி வரும் என்று ஒரு பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் தம்பி பொட்டுவைக் குளிப்பாட்டி நிறுத்துவான். நான் முருகனை நினைத்து அந்த இரண்டு சுழியிலும் விபூதி வைப்பேன். துரை ஒருமுறை பார்த்துவிட்டு, மருந்து என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

துரை தம் ஊருக்குத் திரும்புகிற சமயம் வந்தது. ஈப்போவில் இருந்த ஒரு செட்டியார் பொட்டுவை வாங்க வருவதாகத் தெரிந்தது. அவர் வாங்கினால் குதிரையோடு எங்கள் இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்வார். வாங்காவிட்டால் இந்த முட்டியோடு நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகவேண்டும். ஆனால் செட்டியார் சுழி பார்க்காமல் எதையும் வாங்கமாட்டார். காகிதத்திலோ முதுகின்மேல் சிவப்பாக இரண்டு குறி பளிச்சென்று இருந்தது.

மச்சான்தான் வழி சொன்னார். "காகிதம் ஆபீஸ் அலமாரில இருக்கு, சுழி குதிரை முதுகுல இருக்கு. ரெண்டையும் சேத்துவச்சுப் பாக்குறவன் யாரு மாப்ளே? சேணத்தைப் போட்டு நிறுத்து." பழைய காகிதத்தைக் கரையான் அரித்துவிட்டது என்று எழுதி, துரை கையெழுத்துப் போடவேண்டிய தாள்களின் நடுவில் செருகி, பந்தய ஆபீசிலிருந்து புதுக் காகிதம் வாங்கினார். குறிகளை அவரே பார்த்து நிரப்பினார். நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி எல்லாம் இருந்தன. முதுகு வெறுமையாக இருந்தது. பழையதை அக்கா வீட்டு அடுப்பில் வைத்தார். அது எரிந்து முடியும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

செட்டியார் வந்தார். காகிதத்தை வெயிலில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நெத்தி நெறைய நீறு பூசியிருக்கே. காகிதத்துல கெட்ட சுழி ஒண்ணுமில்லேங்குது. நீயும் ஒரு வார்த்தை சொல்லிடப்பா," என்றார். நான் இல்லீங்க என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது என் கை சேணத்தின் மேல் இருந்தது.

செட்டியார் பொட்டுவை வாங்கி, எங்களையும் ஈப்போவில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சப்பான்காரன் வந்தான். பந்தயம் நின்றது, டவுனில் குதிரைக்குத் தீனி இல்லை. செட்டியார் பொட்டுவையும் காகிதத்தையும் என்னிடம் கொடுத்து, பழைய தோட்டத்துக்கே கொண்டுபோய்க் காப்பாற்றி வை என்றார். காகிதம் லயத்தில் இருந்தால் எலி கடிக்கும், ஆபீசின் இரும்புப் பெட்டிதான் பத்திரம் என்று மச்சான் சொன்னார். நான் கொடுத்தேன். அதே கொட்டகையில் ஓடிப்போன சின்னத்துரை விட்டுவிட்டுப் போன இன்னொரு பெட்டைக் குதிரையும் நின்றது. அதுவும் செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை, வயதும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் அதற்குக் காகிதம் கிடையாது. அதை மச்சானின் தம்பி பார்த்துக்கொண்டான்.

ஒரு வருஷம் தாண்டியிருக்கும். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் உத்தரவு வந்தது. பெயர்ப் பட்டியல் எழுதவேண்டியவர் கிராணி. முதல் தடவை போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை என்பதால் இரண்டாவது பட்டியல் என்றதுமே லயத்தில் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகாத இளவட்டங்களின் பெயர்தான் முதலில். என் தம்பி பெயரும் இருந்தது, மச்சானின் தம்பி பெயரும் இருந்தது. நான் நொண்டி என்பதால் என்னை விட்டுவிட்டார்கள்.

அதே வாரத்தில் இன்னோர் உத்தரவும் வந்தது. குதிரை வைத்திருப்பவர்கள் ஈப்போ பந்தய மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். காகிதமுள்ள குதிரைகளை அதிகாரிகளின் லாயத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். பழக்கப்பட்ட ஒரு ஆளையும் குதிரையோடு வைத்துக்கொண்டு கைப்பட்டை கொடுப்பார்கள். கைப்பட்டை உள்ளவனைச் சயாமுக்குப் பிடிக்கமாட்டார்கள். காகிதமில்லாத குதிரை மூட்டை சுமக்கப் போகும். அதைக் கொண்டுவந்தவன் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். என் மனதில் விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது. அன்று சாயந்திரமே மச்சானிடம் போய், பொட்டுவின் காகிதத்தோடு தம்பியை நிறுத்திவிடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அவன் எனக்கு மட்டும் யாரு? ஒங்க அக்காவுக்கு நான் பதில் சொல்ல வேணாமா? நீ கவலைய விடு மாப்ளே. காகிதத்தை நானே கொண்டாரேன், நீங்க குதிரையோட வந்து நில்லுங்க." அப்படியானால் உங்கள் தம்பி என்று இழுத்தேன். "அவன் தலையெழுத்து. முருகன் பாத்துக்குவான்," என்றார். அந்த மனசை நினைத்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் அழுதேன்.

இரண்டு நாள் கழித்து அவர் கொட்டகைக்கு வந்தார். பொட்டுவின் முதுகிலிருந்த சாக்கை விலக்கச் சொன்னார். விரலால் அந்த இரண்டு சுழியையும் தடவிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மற்றக் குதிரையின் முதுகையும் தடவிப் பார்த்தார். "சரி, மூடிடு," என்றார். எங்களுக்காகத்தான் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் அதிகாரியின் ஆபீசுக்குப் போய்வந்து, எதைப் பார்ப்பார்கள், எப்படிப் பார்ப்பார்கள் என்று விசாரித்து வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போகவேண்டிய காலையில் அக்கா எங்களுக்கு மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொடுத்தார். மச்சான் தம் கையால் தம்பியின் நெற்றியில் விபூதி பூசினார். அவரும் அவர் தம்பியும் காகிதமில்லாத மற்றக் குதிரையை மாட்டுவண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். நானும் தம்பியும் பொட்டுவை நடத்திக்கொண்டு போனோம். பாதி வழியில் நான் முட்டியைப் பிடித்து நின்றதைப் பார்த்து, "அண்ணே, நீ மேல ஏறிக்க. வேணும்னா ஒனக்குப் பதிலா நான் நொண்டிக்கிட்டு வாரேன்," என்று நாலு அடி நொண்டிக் காட்டினான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் நின்றன. மேசை போட்டு ஒரு சப்பான் அதிகாரி உட்கார்ந்திருந்தார். குதிரை மருத்துவர் என்று சொன்னார்கள். பக்கத்தில் மலாய் பேசும் ஒரு மொழிபெயர்ப்பாளர். மச்சான் எங்களுக்கு முன்வரிசையில் நின்றார். மொழிபெயர்ப்பாளர் "சூராட் மானா?" என்று காகிதத்தைக் கேட்டதும், மச்சான் சட்டைக்குள்ளிருந்து அந்த நாலு மடிப்புத் தாளை எடுத்துக் கொடுத்து, தம் தம்பி பிடித்திருந்த குதிரையைக் காட்டினார்.

முதலில் எனக்கு உறைக்கவே இல்லை. தவறிப்போய்க் காட்டுகிறார் என்று நினைத்து, "மச்சான், இது இல்ல, பொட்டு இங்க நிக்குது," என்றேன். அவர் திரும்பவில்லை. தம்பிதான் முதலில் புரிந்துகொண்டான். "அண்ணே, அவரு தெரிஞ்சேதான் காட்டுறாரு," என்றான். அவன் குரல் அப்படி மெலிந்து நான் கேட்டதில்லை. நான் நொண்டிக்கொண்டே மேசைக்குப் போய், எனக்குத் தெரிந்த மலாயில், இந்தச் சூராட் என் குதிரையுடையது என்று சொன்னேன்.

அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். எழுந்து வந்து இரண்டு குதிரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். பல்லைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், காகிதத்தைப் பார்த்தார். இரண்டு குதிரையும் காகிதத்தோடு பொருந்தின. பிறகு முதுகுத் துணிகளை எடுக்கச் சொன்னார். சப்பான்காரர்களும் சுழி பார்த்துத்தான் குதிரையை அடையாளம் வைப்பார்கள் என்று எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. நாங்கள் நல்லது கெட்டது பார்க்க வைத்திருந்ததை அவர்கள் ஆள் அடையாளம் பார்க்க வைத்திருந்தார்கள். மற்றக் குதிரையின் முதுகை அவர் கை வழுக்கிக்கொண்டு போனது. பொட்டுவின் முதுகில் நின்றது. நான் வெள்ளிதோறும் விபூதி வைத்த இடம். குனிந்து பார்த்தார், காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் அந்த வெறும் இடத்தைத் தட்டினார். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்து, உன் குதிரைக்கு இரண்டு இருக்கிறது, காகிதத்தில் இல்லை, எப்படி என்று கேட்டார்.

மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றார். உதடு அசையாமல் தமிழில் சொன்னார். "எப்படின்னு சொல்லணும்னா முழுசாச் சொல்லணும் மாப்ளே. பொய்க் காகிதம்னா ரெண்டு பேர் தலையும் இங்கியே விழும். ஒனக்கும் பிள்ளைங்க இருக்கு."

தம்பிக்குக் காகிதம் மாற்றிய கதை தெரியாது. அவனிடமிருந்து அதை மறைத்திருந்தோம். அதனால் அவனுக்கு அது ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரிந்திருக்கும். "அண்ணே, சுழி அப்பலேருந்தே இருக்குன்னு சொல்லுண்ணே. செட்டியாரைக் கேக்கச் சொல்லுண்ணே. நீ தெனம் பாத்தவன்தானே, சொல்லுண்ணே," என்றான். மூன்று தடவை சொன்னான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முருகா என்றுகூட வாயில் வரவில்லை. அதிகாரி மேசைக்குத் திரும்பிப் போய் முத்திரை குத்தினார். மச்சானின் தம்பி கையில் பட்டை கட்டினார்கள். பொட்டுவை மூட்டைக் குதிரைகளின் கயிற்றில் சேர்த்துக் கட்டினார்கள். அது என்னைத் தேடித் தலையைத் திருப்பியதா என்று கேட்டால் தெரியாது. நான் பார்க்கவில்லை.

நாலாம் நாள் லாரி வந்தது. தம்பி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் ஏறினான். அக்கா லாரியின் பின்னால் ஆற்றங்கரை வரை ஓடினார்.

மச்சானை நான் எப்படி எழுதுவது? அவருக்கும் ஒரு தம்பி இருந்தான். இரண்டு தம்பிகளுக்கு ஒரே ஒரு காகிதம். முதலிலேயே என்னிடம், மாப்ளே, என்னால் முடியாது, என் தம்பியைத்தான் நிறுத்துவேன் என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், தம்பியைக் காட்டுக்குள் ஓடச் சொல்லியிருப்பேன். பலர் அப்படி ஓடிப் பிழைத்தார்கள். அவர் என் தோளைப் பிடித்து, கவலையை விடு என்று சொன்னதால்தான் நான் வேறு எதுவும் செய்யவில்லை. காகிதத்தை எடுத்ததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம். அந்தக் கை பூசிய விபூதியை என்னால் மன்னிக்க முடியவில்லை. கோயிலில் எத்தனையோ முறை உட்கார்ந்து முயன்று பார்த்திருக்கிறேன்.

சண்டை முடிந்து, சயாமிலிருந்து திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். தஞ்சோங் மாலிம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தம்பியோடு ஒரே கொட்டகையில் இருந்தவர். அவன் காய்ச்சலில் போனதைச் சொன்னார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, லயத்து ஆட்கள் எல்லாரும் கேட்க, "ஒங்களைப் பத்திதான் எப்பவும் பேசுவாரு. சப்பான்காரன் மேசைமேல அடிச்சு, இது என் குதிரை, இவன் என் தம்பின்னு கத்துனீங்களாமே. துப்பாக்கிக் கட்டையால அடிச்சும் விடலியாமே. எங்க அண்ணன் மாதிரி ஒரு அண்ணன் யாருக்கும் இல்லேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு," என்றார்.

நான் அதை மறுக்கவில்லை. அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து அக்கா தம் கணவரிடம் பேசும் ஒவ்வொரு சண்டையிலும், "என் தம்பி அன்னிக்குக் கத்துனான், நீங்க வாயை மூடிக்கிட்டு நின்னீங்க," என்று சொல்வார். மச்சான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டில் நடந்தது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் ஒரு தடவைகூட, அவனும்தான் வாயை மூடிக்கொண்டு நின்றான் என்று சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் இறந்தபோது நான் போகவில்லை. நான் போகாதது சரிதான் என்றார்கள் எல்லாரும்.

செட்டியாரிடம் மட்டும் ஒருமுறை சொன்னேன். ஊருக்குக் கப்பல் ஏறும் முன்னால் அவர் என்னைப் பார்க்க வந்தபோது சுழியை மறைத்ததைச் சொல்லிக் காலில் விழுந்தேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். "நான் காகிதத்தைப் பாத்து வாங்கலைப்பா, ஒன் நெத்தியப் பாத்து வாங்குனேன்," என்றார். போய்விட்டார்.

தம்பி ஏன் அப்படிச் சொன்னான் என்று யோசித்து யோசித்து எனக்கு வயதாகிவிட்டது. சாகப்போகிற இடத்தில் தனக்கு ஒரு நல்ல அண்ணன் வேண்டும் என்று நினைத்தானோ, என் மானத்தைக் காப்பாற்ற நினைத்தானோ. எதுவானாலும் அந்தக் கதையில்தான் நான் இத்தனை வருஷம் குடியிருந்தேன். நான் வாழ்கிற சிலிபினில் இப்போதும் பெரியவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, சப்பான்காரன் மேசையில் அடித்தவர் இவர்தான் என்று சொல்கிறார்கள். பிள்ளைகள் என் கையைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் வேறு யாரிடமாவது சொல்வதானால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். மச்சானை இதைவிடக் கெட்டவராக ஆக்க வேண்டாம். செய்ததே அவருக்குப் போதும். என் மேல் இரக்கப்பட்டு அந்த மேசைக்கு முன்னால் என்னைப் பேசவைக்கவும் வேண்டாம். என் தம்பி மூன்று தடவை கேட்டான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.